கல்லுக்கு அப்புறம்தான் கன்னம்

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. உன் வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பாத்தேன். மரப்பெட்டி, உள்ள பட்டு மெத்தை, மெத்தை மேல சவரக்கத்தி. நம்ம பரம்பரையில பொறந்த பிள்ளைக எவனுக்கும் அப்படி ஒரு படுக்கை அமைஞ்சதில்ல. விலையை உங்கம்மாகிட்டச் சொல்லலைங்கிறதும் தெரியும். சொல்லியிருந்தா எங்க அக்கா இந்நேரம் எனக்குப் போன் போட்டு ஒப்பாரி வச்சிருக்கும். என் வாயால அது வெளிய வராது. ஒரு கவுளி வெத்தலையும் கொட்டப்பாக்கும் வாங்கிட்டு வந்தியானா, வாய் தன்னால அடைஞ்சிரும்.

அது கிடக்கட்டும். தாடையில ரெண்டு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கியே, அது என்ன புது நாகரிகம்? "கத்தி மொக்கை மாமா, ஜெர்மன்காரன் ஏமாத்திட்டான்"னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறியாம். அவன் ஏமாத்தலடா. அவன் வித்தது உருக்கு. கூர்மையும் அதோட கூட வருதுன்னு நீயா நெனச்சுக்கிட்ட.

உன் கத்தி வந்த ஜெர்மனியில இருக்கிற சோலிங்கன் லேசுப்பட்ட ஊரா? கத்தி செஞ்சே பேரெடுத்த ஊரு. கண்டவன் கத்தியில அந்தப் பேரைப் பொறிக்கக் கூடாதுன்னு 1938லயே சட்டம் போட்டுக் காபந்து பண்ணி வச்சிருக்காங்க. ஆனா எந்த ஊர்க் கத்தியா இருந்தாலும், பட்டறையில மெஷின்ல பிடிச்சு அனுப்புற வாய் காகிதத்தை அறுக்கும், கைமுடியைக்கூட வழிக்கும், கன்னத்துக்குப் பத்தாது. கல்லுல வச்சுக் கையால நிதானமாத் தீட்டி, தோல் வாருல இழுத்து முடிக்கிற வேலை பெரும்பாலும் பாக்கி இருக்கும். அதையும் முடிச்சுக் கொடுக்கிறவங்க உண்டு, தனியாக் கூலி கேப்பாங்க. அந்த எடத்துலதான் நீ "கூலி எதுக்கு, நாமளே பாத்துக்குவோம்"னு தாண்டிப் போயிருப்ப. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே கொடுமணல்ல இரும்பு காய்ச்சின நாட்டுல பொறந்தவன் இல்லையா, அந்தத் திமிரு இருக்கத்தான் செய்யும்.

இந்தத் தீட்டுற தொந்தரவே வேணாம்னுதான் அமெரிக்காவுல ஜில்லெட்டுங்கிற ஆளு, மழுங்கினாத் தூக்கிப் போடுற மெல்லிசு பிளேடைக் கண்டுபிடிச்சு 1904ல காப்புரிமை வாங்கினான். உலகத்து ஆம்பளைக கொஞ்சங்கொஞ்சமா கல்லையும் வாரையும் கடாசிட்டு நிம்மதியானாங்க. அவங்க கடாசின தொந்தரவை நீ கூரியர் செலவும் சேத்துக் கொடுத்து வீட்டுக்கு வரவழைச்சிருக்க. நல்லா இரு.

சரி, கத்தி ஏன் இழுக்குதுன்னு தெரிஞ்சுக்க. உருக்கு, மயிரைவிட ஏறத்தாழ 50 மடங்கு கெட்டி. அப்ப உருக்குக்கு என்ன பயம்னு கேப்ப. எம்.ஐ.டி.ங்கிற பெரிய படிப்பாளிகள் கூடத்துல ஒரு கூட்டம் மைக்ராஸ்கோப்பை வச்சுக்கிட்டு இதையே உக்காந்து பாத்து, 2020ல 'சயின்ஸ்' பத்திரிகையில எழுதிச்சு. மயிரு ஒருச்சாச்சு வளைஞ்சு வாயோரத்தை நெட்டுறப்ப, அந்த எடத்துல உருக்கும் கொஞ்சம் சீரில்லாம இருந்தா, பொடிச் சில்லாப் பேந்துருமாம். அவங்க பாத்தது தூக்கிப் போடுற பிளேடு. இருந்தா என்ன, மயிரு மயிருதான். நல்ல வாயையே அது அந்தப் பாடுபடுத்துதுன்னா, ஏற்கெனவே சில்லும் பிசிறுமா இருக்கிற வாயை என்ன பண்ணும்? அறுபட மாட்டேன்னு வளைஞ்சு கொடுக்கும், கத்தி அதைப் பிடிச்சு வேரோட இழுக்கும். முதல் இழுப்புலயே உனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சே, அதுக்குப் பேரு சவரம் இல்ல, களையெடுப்பு.

இப்ப உனக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சுளுவான வழி. தெருவுல சைக்கிள்ல சாணை பிடிக்கிறவரு வருவாரு, அவருகிட்ட நீட்டு. அரிவாளுக்கும் கத்திரிக்கும் அவரு கை தங்கம், அதுல சந்தேகமே இல்ல. உன் கத்தியோ வாயோரத்துல காகிதத்தைவிட மெல்லிசு. சக்கரம் சுத்துற வேகத்துல தீப்பொறி பறக்கும், வாய் சூடேறி நீலம் பூக்கும், பதம் இறங்கிரும். பொறி பறக்கிறதை வீடியோ எடுத்து அதையும் ஸ்டேட்டஸ்ல போடலாம். அப்புறம் அந்தக் கத்தியை வெங்காயம் உரிக்க வச்சுக்கலாம். பட்டு மெத்தையில படுக்கிற வெங்காயக் கத்தி உங்க வீட்ல மட்டும்தான் இருக்கும். சைக்கிள்காரரு வரலேன்னா அம்மியில ரெண்டு தேய். அதுவும் இல்லேன்னா, பழைய சினிமா வில்லன் இடுப்பு பெல்ட்டுல சரக் சரக்குனு இழுப்பானே, அதைச் செய். அந்த வில்லன் தாடியோடயே திரிஞ்ச காரணம் உனக்கு அப்பப் புரியும்.

இன்னொண்ணு மெனக்கெட்ட வழி. அதுக்கு முதல்ல உன் கத்தியைத் தெரிஞ்சுக்க. மேல தடிச்சு இருக்கிறது முதுகு. கீழ வாய். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் குழிவாக் கடைஞ்சிருக்கும். கத்தியைக் கல்லுல சாய்ச்சுப் படுக்க வச்சா முதுகும் வாயும் மட்டும் கல்லைத் தொடும், நடு வயிறு தொடாது. ரெண்டு பக்கமும் அப்படித் தீட்டினா, வாயில சேர்ற கோணம் சுமாரா 16, 17 பாகை வரும். அந்தக் கோணத்தை நீ அளக்க வேணாம், கணக்குப் போட வேணாம். கத்தி செஞ்சவனே முதுகோட தடிமன்ல அதை வச்சு அனுப்பியிருக்கான். நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: முதுகைத் தூக்காம சும்மா இருக்கணும். உனக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். தூக்கினா கோணம் கூடிரும், வாய் மழுங்கிரும். தீட்டத் தீட்ட முதுகும் கூடவே தேயும். தேயட்டும், ரெண்டும் ஒண்ணாத் தேஞ்சாத்தான் கோணம் அப்படியே நிக்கும். முதுகு தேயுறது மனசுக்குப் பொறுக்கலேன்னா எலக்ட்ரீஷியன் ஒட்டுற டேப்பை அதுமேல ஒரு சுத்து ஒட்டிக்க. ஒட்டினா கடைசி வரைக்கும் ஒட்டு. பாதியில உரிச்சா கோணம் மாறிரும்.

அடுத்தது கல்லு. பெல்ஜியத்துல ஆர்டென் மலைப்பக்கம் மஞ்சளா ஒரு கல்லு வெட்டுறாங்க, கொட்டிக்யூல்னு பேரு. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி கார்னெட் கல்லு கலந்திருக்கு, அதுதான் உருக்கை அரிக்குது. இதைக் கேட்டதும் உன் கை போனுக்குப் போகுது பாரு. வை கீழ. 1000 நம்பர்ல ஒரு கல்லு, ஒரு பக்கம் 4000 மறுபக்கம் 8000 ஒட்டின கல்லு ஒண்ணு, உனக்கு அது போதும். நம்பர் கூடக் கூடத் துகள் பொடிசாகும். 8000ல துகள் ஒரு மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல இருக்கும், அவ்வளவுதான். 12,000, 16,000, மலைக்கல்லு எல்லாம் கை படிஞ்சதுக்கு அப்புறம் வாங்கு. இல்ல, சம்பளம் கூடினதுக்கு அப்புறம் வாங்கு.

புதுக் கல்லு தட்டையா இருக்கும்னு நம்பாதே. பென்சிலால கல்லு மேல கட்டம் கட்டமாக் கோடு போடு. கண்ணாடிப் பலகை மேல உப்புத்தாளை நனைச்சு ஒட்டி, கல்லைக் கவுத்துத் தேய். எல்லாக் கோடும் அழிஞ்சாத் தட்டை. நடுவுல கோடு மிஞ்சினா நடுவுல பள்ளம், இன்னும் தேய். இதைச் செய்யாம, "நுனி வழிக்குது, நடு வழிக்கலை"ன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.

இனி 1000 கல்லு. காரியமே இங்கதான் இருக்கு, காதைக் கொடு. மார்க்கர் பேனாவால வாயோரம் நெடுக ரெண்டு பக்கமும் மை தடவு. கல்லு மேல தண்ணி தெளி. கத்தியைத் தட்டையாப் படுக்க வச்சு, வாய் முன்னாடி போற மாதிரி தள்ளு. கத்தி நீளம், கல்லு அகலம் பத்தாது. அதனால அடியில தொடங்கி நுனியில முடியுற விதமா ஒருச்சாச்சு இழுத்துக்கிட்டே போ. கடைசிக்குப் போனதும் முதுகு மேலயே புரட்டி மறுபக்கம் திரும்பி வா. இந்தப் பக்கம் ஒண்ணுன்னா அந்தப் பக்கமும் ஒண்ணு. நாலஞ்சு தடவை போய் வந்து மையைப் பாரு. எங்க மை அழிஞ்சிருக்கோ அங்க கல்லு தொட்டிருக்கு. எங்க மை மிச்சமோ அங்க நீ கனவு கண்டிருக்க.

எவ்வளவு அழுத்தணும்னு கேப்ப. தொடக்கத்துல கையோட பாரம் லேசா இறங்கலாம். போகப் போகக் குறைச்சு, கடைசியில கத்தியோட பாரம் மட்டும்தான் கல்லு மேல இருக்கணும். ஜிம்முக்குப் போய் வளத்த கையை ஜிம்மோட விட்டுட்டு வா. நீ அழுத்துனா மெல்லிசு வாய் வளைஞ்சு கொடுக்கும். வாய் தொட வேண்டிய எடத்துல தொடாம மேல தொடும். அப்புறம் வாய் முனையில பிசிறு கிளம்பும். அந்தப் பிசிறு மொதல் நாள் அருமையா வழிச்சு உன்னை ஏமாத்தும். ரெண்டாம் நாள் ஒடிஞ்சு உதிரும், பிளாஸ்திரி வாங்க ஓடுவ.

எப்ப நிறுத்தணும்ங்கிறதுக்கு எண்ணிக்கை கிடையாது. ஒரு கத்தி அம்பதுல படியும், ஒண்ணு இருநூறு கேக்கும். எண்ணுறதை விட்டுட்டுத் தண்ணியைப் பாரு. வாய் சரியாப் படியாத வரைக்கும் கல்லு மேல இருக்கிற தண்ணி வாய்க்கு அடியில நுழைஞ்சு போயிரும். படிஞ்ச பின்னாடி நுழைய வழியில்லாம, வாயோரம் நெடுக ஏறிக் கத்தி மேல வழியும். அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே சீரா ஏறணும். ஒரு எடத்துல மட்டும் ஏறாம நழுவுச்சுன்னா, அங்க வேலை பாக்கி. அப்புறம் வாயை விளக்கு வெளிச்சத்துக்கு நேரா நிமித்திப் பிடி. நல்ல வாய் கண்ணுக்கே தெரியாது. வெள்ளையா ஒரு புள்ளி மினுக்குச்சுன்னா அது மொட்டை. கடைசியா முழங்கை முடியில வை. அடி, நடு, நுனி மூணும் ஒரே மாதிரி வழிக்கணும்.

இதுல முக்காவாசி முடிஞ்சதும், "போதும், மீதியை 8000 பாத்துக்கும்"னு உனக்குத் தோணும். உழாத காட்டுல பரம்படிச்சா மேல மட்டும் வழவழன்னு இருக்கும், விதை ஊனுமா? அதுதான் நடக்கும். கத்தி முகம் பாக்கிற அளவுக்குப் பளபளக்கும், முகத்தை வழிக்காது. பெரிய நம்பர் கல்லுங்க பளபளப்புக் கொடுக்கும். ரெண்டு சரிவும் ஒரு முனையில சேராத வாய்க்குப் பளபளப்பு எதுக்கு? தீட்டத் தெரியலைன்னு மூக்கு சிந்துற ஆளுகள்ல அநேகம் பேரு விட்ட எடம் இந்த 1000 கல்லுதான். கல்லு இன்னும் ரெண்டு வாங்குறதுக்கு முந்தி, வாங்கின கல்லுல இன்னும் அரை மணி நேரம் உக்காரு.

அது முடிஞ்சா மீதி வழுக்கிக்கிட்டுப் போகும். கல்லை மாத்துறதுக்கு முந்தி கத்தியையும் கையையும் கழுவிரு. 1000 கல்லுச் சேறு 4000 மேல போனா கீறல் விழும். 4000ல முன்னக் கிடந்த கோடுகள் மறைஞ்சு மங்கலாகுற வரைக்கும். 8000ல அழுத்தமே இல்லாம, கத்தி கல்லுல ஒட்டி இழுக்கிற உணர்வு வர்ற வரைக்கும். வந்ததும் நிறுத்து. "இன்னும் பத்து இழுப்பு இழுத்தா இன்னும் கூராகும்"னு இழுக்காதே. ஆசைக்கு இழுத்தா வாய் தாங்காது.

இனி வாரு. பிளேடை ஒடிச்சு மாட்டுற கத்தி வர்றதுக்கு முந்தி, சலூன் நாற்காலிக் கையில ஒரு கொக்கி போட்டு வாரு தொங்கும். இடது கையால அதோட நுனியைத் தொய்யாம இழுத்துப் பிடிப்பாரு சலூன்காரரு. வலது கையில கத்தி போகும், வரும். ஒவ்வொரு கடைசியிலயும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து கத்திக் காம்பை ஒரு உருட்டு உருட்டும், கத்தி முதுகு மேல புரண்டு திரும்பும், மணிக்கட்டு அசையாது. கண்ணு கத்தியிலயே இருக்காது, தெருவுல போறவன்கிட்ட பழைய பாக்கியைக் கேட்டுக்கிட்டு இருப்பாரு. நீ அந்தப் பகட்டுக்கு ஆசைப்படாதே. மெதுவாப் போ, கண்ணைக் கத்தியில வை.

ஒண்ணை மட்டும் மறந்துராத. கல்லுல வாய் முன்னாடி போகணும், வாருல முதுகு முன்னாடி போகணும். மாத்தினா வாரு கிழியும். திருப்புறப்ப வாய்ப்பக்கமாப் புரட்டினாலும் கிழியும். முதல் வாரு எப்படியும் கிழியத்தான் போகுது, அதனால விலை குறைஞ்சதா வாங்கு. எதுலயாவது சிக்கனம் பாக்கணுமில்ல. முரட்டுத் துணிப் பட்டையில இருபது முப்பது தடவை, அப்புறம் தோலுல அம்பது அறுவது தடவை. ஒவ்வொரு சவரத்துக்கு முந்தியும் இது உண்டு.

கூரைச் சோதிக்கிறேன்னு கட்டைவிரல் நகத்துல உரசாதே, தீட்டின வாயை நீயே கெடுத்துருவ. ஒத்த மயிரைத் தொங்கவிட்டு வாயில படவிட்டா, அழுத்தாமலே அறுபடணும். மயிரை உன் தலையில இருந்து புடுங்காதே, அங்க இருக்கிறதே சொற்பம். தங்கச்சி சீப்புல பாரு. ஆனா ஒரு மயிரு தடிப்பு, ஒண்ணு மெல்லிசு. இந்தச் சோதனையை மட்டும் நம்பிக் குதிக்காதே. கடைசித் தீர்ப்பு கன்னம் சொல்றதுதான்.

கன்னத்துக்கு வந்தாச்சா? குளிச்சிட்டு வா. வெந்நீர்ல ரெண்டு மூணு நிமிசம் ஊறின மயிரு இளகும். காஞ்ச மயிரோட மல்லுக்கு நிக்காதே. சோப்பு நுரையைக் குழைச்சு அப்பு. இடது கையால தோலை இறுக்கி இழுத்துப் பிடி. கத்தி முகத்துல 30 பாகை அளவுக்குச் சாஞ்சு இருக்கணும். நிமித்தினாச் சுரண்டும், ஒரேயடியாப் படுக்க வச்சா மயிரைப் பிடிச்சு இழுக்கும். முடி வளர்ற வாக்குலயே இறங்கு. பக்கவாட்டுல மட்டும் நழுவ விட்ராத, கத்தி தன் தொழிலைக் காட்டிரும். மொத நாள் ரெண்டு கன்னம் மட்டும் போதும். மோவாயும் தொண்டையும் ஓடிப் போகாது. முடிஞ்சதும் படிகாரக் கட்டியை நனைச்சுத் தடவு. எரியுற எடமெல்லாம் உன் கை பிசகின எடம். அதைவிட நேர்மையான வாத்தியாரு கிடைக்க மாட்டாரு.

இழுத்துச்சுன்னா மறுபடி 1000. இழுக்காம வழிச்சும் முகம் எரிஞ்சா, 8000லயும் வாருலயும் கொஞ்ச நேரம் கூடுதலா உக்காரு. வேலை முடிஞ்சதும் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வை. குளியலறையில வைக்காதே, அந்த உருக்கு ஈரம் பட்டா துருவேறிரும். மச்சான் கேட்டாலும் மாமன் கேட்டாலும் இரவல் கொடுக்காதே, ரத்தத்துல வர்ற நோய்க்கு உறவுமுறை தெரியாது. கொஞ்ச நாள் கழிச்சு வாருல இழுத்தும் கத்தி மந்தமா இருந்தா, 8000ல பத்து இழுப்பு. வாய் ஒடியாத வரைக்கும் 1000 பக்கம் திரும்பிப் பாக்காதே. வீணாக் கத்தியைத் தின்னுரும்.

பொறு, எந்திரிக்காத. அடுத்த மாசம் உனக்கு நிச்சயதார்த்தம். அன்னைக்குக் காலையில இந்தக் கத்தியைத் தொடவே கூடாது. பிளாஸ்திரி ஒட்டின மாப்பிள்ளையைப் பாத்தா, பொண்ணு வீட்டுக்காரங்க "இதுக்குள்ள யாருகிட்ட அடி வாங்கினாரு"ன்னு விசாரிக்கக் கிளம்பிருவாங்க. பேசாமச் சலூனுக்குப் போ. புது பிளேடைப் பாதியா ஒடிச்சு மாட்டி, பத்து நிமிசத்துல வழிச்சு அனுப்பிருவாரு. அங்க எவனாவது ஸ்டேட்டஸைப் பாத்தவன், "ஜெர்மன் கத்தி என்னாச்சு"ன்னு கேட்டான்னா, "கல்லு ஊறிக்கிட்டு இருக்கு"ன்னு சொல்லிடு.